நன்றியரின் யானை விளையாட்டு

இலவச மென்பொருளோடு வரும் நிபந்தனைகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் வவுனியாவில், நாங்கள் சிலர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டில், என் பக்கத்து அறையில் இருந்தார்.

தொழில், தண்ணீர்ப் பம்ப் திருத்துவது. ஆசை, கணினியில் கேம் செய்வது. ஊர் செட்டிகுளம் என்பதால் கதைக்குப் பஞ்சமில்லை: வயலுக்குள் யானை இறங்கும், தகரம் தட்டிக் கலைக்க வேண்டும். ஒரு சதம் செலவில்லை. கேம் கட்டும் மென்பொருளும் படம் கீறும் மென்பொருளும் சும்மா கிடைத்தவை. தவளைச் சத்தம்கூட யாரோ வெளிநாட்டுக்காரர் தானமாகக் கொடுத்தது. யானையை மட்டும் கணக்குப் பாடத்துச் சதுரக் கொப்பியில் கட்டம் கட்டமாக நிறம் தீட்டிப் பார்த்துத் தானே கீறினார். முதல் யானை பன்றி மாதிரி இருந்தது. அதைச் சொன்னதற்கு இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை.

யானையின் மூச்சுத்தான் எங்கும் சரியாகக் கிடைக்கவில்லை. ஒரு போயா விடுமுறை நாள் மத்தியானம் கண் விழித்தால், என் மூக்கடியில் அவருடைய போன்.

"அசையாமல் கிடவும் தம்பி. இன்னும் ஒருக்கா அந்தக் குறட்டையை விடும்."

அந்த நேரம் பார்த்து வவுனியாவில் கேம் போட்டி ஒன்று வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். முதற்பரிசு புது லப்டொப். இவருடைய பழசோ பக்கத்தில் இருந்து ஓலை விசிறியால் விசிறினால்தான் ஓடும். அது படுத்தால் கேம் ஆசையும் அதோடு சரி.

போட்டிக்கு முதல் நாள் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். தொடக்கத்திலேயே நன்றிப் பட்டியல். சும்மா கொடுத்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, எங்கள் பெயரைப் போடுங்கள் என்று. அவர்கள் இணையத்தில் வைத்திருந்த பட்டப்பெயர்களுக்கு இவர் கல்யாணக் கார்ட் மரியாதை கொடுத்திருந்தார். 'தவளைச் சத்தம்: திரு அல்லது திருமதி சோம்பல்பூனை 77 அவர்கள்.' இப்படியே நாலு நிமிடம் பெயர்கள் ஆடி அசைந்து ஏறின. நான் பாதியில் எழும்பிவிட்டேன்.

"அண்ணை, இதைக் கடைசியிலை சின்னனாப் போடுங்கோ. இல்லாட்டி லப்டொப் போச்சு."

"கடைசியிலை போட்டா ஆர் இருந்து பாப்பினம்? நன்றியுரை எண்டோடனை கதிரையை விட்டு எழும்புற சனம் நாங்கள். சும்மா தந்த மனுசரின்ரை பேரையாவது சனம் இருந்து பாக்கட்டும்."

அன்றிலிருந்து அவர் நன்றியர்.

போட்டியன்று நடுவர்கள் கொட்டாவி விட்டார்கள். வேறு வழியில்லாமல் நானும் கடைசி வரைக்கும் இருந்தேன். பட்டியலின் கடைசி வரியில், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் சேர்த்து, யானையின் மூச்சுக்காக என் பெயர் இருந்தது. யானை வயலில் கால் வைத்து ஒரு மூச்சு விட, மணி அடித்துவிட்டார்கள்.

பரிசு வேறு யாருக்கோ போனது. நன்றியர் வழியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு, "ஒரு பேரும் விடுபடேல்லை, என்ன?" என்று கேட்டார். திட்டத்தான் வாயைத் திறந்தேன். "ஓம் அண்ணை" என்றுதான் வந்தது.

அடுத்த கேம் முடியும் வரைக்கும் அந்தப் பழைய லப்டொப்புக்கு விசிறியது நான்தான். பட்டியலில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது.