நில்லு அண்ணன் சொன்ன பேட்

டேபிள் டென்னிஸ்ல என்னை ஜெயிச்ச ஆளு இந்தப் பாண்டிச்சேரில ஒருத்தன்கூட கிடையாது. சும்மா சொன்னேன். நான் ஆடுனதே கிடையாது, அப்புறம் எவன் வந்து ஜெயிப்பான்? நான் ஷேர் ஆட்டோ ஓட்டுறவன், இப்பக்கூட ஸ்டாண்டுல சவாரிக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். பஸ் ஸ்டாண்டுக்கும் கோரிமேட்டுக்கும் நடுவுல போயிப் போயி, இடுப்பு இருக்கா கழண்டு விழுந்துடுச்சான்னு தடவிப் பாத்துக்கிட்டு இருக்கிறவன்.

ஆனா இது பொய் இல்ல. கடைக்குள்ளயே உக்காந்துக்கிட்டு கடை வியாபாரத்தைக் கெடுக்குறதுல, நில்லு அண்ணனை அடிச்சுக்க தவளக்குப்பத்துலேர்ந்து கோரிமேடு வரைக்கும் ஆள் இல்ல.

அது விளையாட்டுச் சாமான் விக்கிற கடை. அதுல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதுமேல அவரு. கடைக்காரருக்கு மச்சானும் இல்ல, மாமனும் இல்ல, சம்பளத்துக்கு இருக்கிற ஆளும் இல்ல. ஒரு காலத்துல நல்லா டேபிள் டென்னிஸ் ஆடுவாராம், அவ்ளோதான் சொந்தம். எவனாவது பேட் எடுக்கக் கை நீட்டுனா போதும், "நில்லு"ன்னுவாரு. அதுவே பேரா ஆயிடுச்சு. கடைக்காரரு ஒருவாட்டி வெளிய அனுப்பிப் பாத்தாரு. இவரு வாசல்லயே நின்னுக்கிட்டு, வர்றவனையெல்லாம் உள்ள வர்றதுக்கு முன்னாடியே மடக்கிட்டாரு. அதுக்கு உள்ளயே இருந்து தொலைங்கன்னு ஸ்டூலைத் திரும்ப உள்ள போட்டுட்டாரு.

ஒருநாள் ஒரு சொல்தா தாத்தா வந்தாரு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்குறவங்கள நாங்க அப்படித்தான் சொல்லுவோம். டாக்டர் எதாவது விளையாடச் சொல்லிட்டாராம், கடையிலயே ஒசத்தியான பேட் வேணும்னாரு.

"நில்லுங்க. பந்தை பேட் மேலயே பத்து வாட்டி தட்டுங்க பாப்போம்."

மூணாவது தட்டுல பந்து தரையில. அண்ணன் விலை கம்மியா ஒரு பேட்டும் ஆறு பந்தும் குடுத்து அனுப்பிட்டாரு. தாத்தா பிரெஞ்சுல திட்டுனாரு. "பாத்து, கால்கிட்ட பந்து இருக்கு, மிதிச்சிடாதீங்க"ன்னு அண்ணன் தமிழ்ல பதில் சொன்னாரு.

நான் இவருகிட்ட மாட்டுனது என் பொண்டாட்டி ரீட்டாவால. அவ ஒரு சோப்பு கம்பெனில பேக்கிங் செக்ஷன். வருஷா வருஷம் அங்க போட்டி வைப்பாங்க. போன வருஷம் சும்மா விளையாட்டுக்கு டேபிள் டென்னிஸ்ல பேரு குடுத்தா. ஸ்டோர்ஸ் மேடம் பதினொன்னுக்கு சைபர்னு முடிச்சு அனுப்பிட்டாங்க. அன்னைலேர்ந்து கேன்டீன்ல அவ பேரு முட்டை. சாம்பார் ஊத்துறவன்கூட "முட்டைக்கு இன்னொரு கரண்டி வேணுமா?"ன்றான். அங்க சிரிச்சுக்கிட்டுதான் நிப்பா. ஆனா ஒரு வருஷமா எங்க வீட்டுல ஆம்லெட் கிடையாது.

"ஜெயிக்கவெல்லாம் வேணாம்யா. ஒரே ஒரு பாயிண்ட் எடுத்துட்டா அந்தப் பேரு போயிடும். கம்பெனி பேட்டு ரப்பர் பிஞ்சு கெடக்குது. எனக்குன்னு ஒன்னு வாங்கிக் குடு"ன்னா.

கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள்ள ஒன்னு பளபளன்னு இருந்துச்சு. கை நீட்டுனேன்.

"நில்லு. யாருக்கு?"

"பொண்டாட்டிக்குண்ணே."

"எப்படி ஆடுவாங்க?"

"பதினொன்னுக்கு சைபர்."

"இந்த பேட்டக் குடுத்தா பந்து பாகூர்ல போயி விழும். இது வேகமான கட்டை, தொட்டாலே பறக்கும். ஆட்டோ கத்துக்க வர்றவனுக்கு மொத நாளே ரேஸ் பைக் குடுப்பியா? கத்துக்கிறவங்களுக்கு பந்து பேட்ல ஒரு நொடி தங்கணும். சாதாரணக் கட்டை, மெலிசா ஸ்பாஞ்ச், பந்தைப் பிடிக்கிற ரப்பர். விலை பாதிகூட வராது. அவங்க கை பெருசா, சின்னதா?"

எனக்குத் தெரியல. பதினெட்டு வருஷமா கூட இருக்கேன், சோறு போட்ட கை, முதுகுல சாத்துன கை, எவ்ளோ பெருசுன்னு கேட்டா முழிக்கிறேன்.

"பிடி தடியா இருந்தா மணிக்கட்டு செத்துடும். போயி பேப்பர்ல வரைஞ்சு எடுத்துட்டு வா"ன்னாரு.

ரெண்டு டிரிப்பை விட்டுட்டு வீட்டுக்குப் போயி, துணி துவைச்சுக்கிட்டிருந்தவ கையப் புடிச்சு நோட்டுல வச்சு வரைஞ்சேன். "கிறுக்கு எதாவது புடிச்சிருக்கா?"ன்னா. ஈரத்துல பேப்பர் கிழிஞ்சு, சுண்டு விரல் இல்லாமதான் கடைக்குப் போச்சு. அத வச்சே அவரு நாலு பேட்டைப் புடிச்சுப் பாத்து ஒன்னு எடுத்துக் குடுத்தாரு.

ரெண்டு வாரம் சாப்பாட்டு நேரத்துல பழகுனா. ஒவ்வொரு நாளும் மூஞ்சி சின்னதாயிட்டே வந்துச்சு. "பந்து வழுக்கிக்கிட்டு வலைக்குள்ள போவுதுய்யா. பேட்டு சரியில்லையா, நான் சரியில்லையா?"ன்னா. போட்டிக்கு ரெண்டே நாள். எனக்கு வந்துச்சு கோவம். பேட்டைத் தூக்கிக்கிட்டு நேரா கடைக்கு.

"நல்லா தலையில கட்டிட்டீங்கண்ணே."

அவரு பேட்டைத் திருப்பிப் பாத்தாரு. ஓரத்துல நகத்தை வச்சு மெல்ல உரிச்சாரு. பால் ஏடு மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் வந்துச்சு. அந்தப் பக்கமும் ஒன்னு.

"இத ஏன்யா கழட்டல?"

"அவ கழட்டத்தான் பாத்தாண்ணே. புதுசு அழுக்காயிடும், இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். என் ஆட்டோ சீட்டு கவரே இன்னும் கழட்டல."

"ஆட்டோ வாங்கி எத்தன நாளாச்சு?"

"ஆறு வருஷம்."

திட்டுவாருன்னு காத்திருந்தேன். திட்டல. "போட்டிக்கு நானும் வர்றேன். நான் சொன்ன பேட்டு தப்பான்னு எனக்குத் தெரியணும்"னாரு.

போட்டி அன்னைக்கு வீட்டு ஆளுங்கள உள்ள விட்டாங்க. இவரை என் பெரியண்ணன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனேன். ஆரம்பிச்சதும் அதே ஸ்டோர்ஸ் மேடம் வெளுத்து வாங்குறாங்க. ரெண்டு, அஞ்சு, எட்டு. இந்தப் பக்கம் சைபர். பேக்கிங் செக்ஷன் பொம்பளைங்க கைதட்ட வந்தவங்க, கையக் கட்டிக்கிட்டாங்க. நான் கூரைல ஃபேன் எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சேன்.

ஒன்பதாவதுக்கு மேடம் ஓங்கி அடிச்சாங்க. ரீட்டா பேட்டைச் சும்மா நீட்டுனா. பந்து ரப்பர்ல பட்டு, எதையோ யோசிக்கிற மாதிரி தயங்கி, வலைக்கு மேல ஏறி, அந்தப் பக்கம் மேஜை ஓரத்தத் தொட்டுட்டு எறங்கிப் போயிடுச்சு. மேடம் அசையவே இல்ல. அப்புறம் பேக்கிங் செக்ஷன் போட்ட கூச்சல்ல வாட்ச்மேன் ஓடி வந்துட்டாரு.

கடைசில பதினொன்னுக்கு ரெண்டு. தோத்துட்டா. வெளிய வந்தப்போ சாம்பார் ஊத்துறவன் ஒரு டம்ளரை நீட்டுறான். "ரீட்டாக்கா, டீ."

அவ அந்த டீயை அவ்ளோ மெதுவா குடிச்சா.

திரும்பி வர்றப்போ ஆட்டோவுல பின்சீட்டுல ரெண்டு பேரும். நான் முன்னாடி. அண்ணன் ஸ்கோரைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "பிடி சரியா இருந்துச்சாம்மா?"ன்னாரு.

"என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சுண்ணே."

அவரு ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தாரு. வாங்கிட்டுப் போற எவன் திரும்பி வந்து அவருகிட்ட இதைச் சொல்லியிருக்கப் போறான்? முன்னாடி கண்ணாடில அவரு கண்ணைத் துடைச்சுக்கிறது தெரிஞ்சுது. நான் கண்ணாடியக் கொஞ்சம் திருப்பி விட்டேன். அப்புறம் ரீட்டாவைப் பாத்து ஒன்னு சொன்னாரு பாருங்க, அது என்னன்னா...

"யோவ், கோரிமேடு ஆளு ஏறியாச்சு. அடுத்தது உன் வண்டிதான்யா, எடு."

ஸ்டாண்டுல கூப்புடுறானுங்க. வந்துட்டேன்டா. அவரு சொன்னது எங்க மூணு பேருக்குள்ளயே இருக்கட்டும் விடுங்க.