ஐந்து வேலுச்சாமியும் ஒரு தாலியும்

கல்யாண வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவனுக்கு எந்தப் பொறுப்பும் கொடுக்கக் கூடாது. வேண்டுமானால் வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தலாம். அதற்கு மேல் போனால் ஆபத்து. அனுபவத்தில் சொல்கிறேன். அனுபவித்தவர்கள் என் குடும்பத்தார்.

அப்போது நான் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஓப்பன் சோர்ஸ் அப்ளிகேஷன் சர்வர் ஒன்றுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். (கீழே அப்பாவின் பேண்டேஜ் துணித் தறிகள் ஓடும். மேலே என் தலைக்கனம் ஓடும்.) யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மாவுக்கு விளக்கினேன்.

"சம்பளம்?"

"அதெல்லாம் கிடையாதும்மா."

"பொறவு எதுக்குலே இம்புட்டு கரண்டு?" என்று ஃபேனை அணைத்துவிட்டுப் போனாள்.

அந்த சர்வர் பல நிரல்கள் சேர்ந்து குடியிருக்கும் காம்பவுண்டு வீடு மாதிரி. ஒரு நிரல் இன்னொன்றைப் பெயர் சொல்லித் தேடும். "அவரா, இன்ன இடத்தில் இருக்கிறார்" என்று கைகாட்டிவிட ஒரு சேவை வேண்டும். அதைக் கட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. என்னமோ உலகமே என்னிடம் வழிகேட்டு நிற்பதுபோல நடந்துகொண்டேன்.

திட்டத்தை மேற்பார்வையிட்ட பெல்ஜியம்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஒரே பெயரில் இரண்டு பேர் பதிந்தால்?"

"கடைசியாகப் பதிந்தவர் இருப்பார், முன்னால் பதிந்தவர் போய்விடுவார். நடைமுறையில் பெயர்கள் இரட்டிப்பதில்லை" என்று பதில் எழுதினேன்.

இதை எழுதியவனின் குடும்பத்தில் எனக்குத் தெரிந்தே நான்கு வேலுச்சாமிகள். தாத்தா பெயர் விட்டுப்போகக் கூடாதென்று ஆளாளுக்குத் தங்கள் பிள்ளைக்கு வைத்தது. என் கூடப்பிறந்த அண்ணனே வேலுச்சாமி. ஆனால் மில் வேலு, பஸ் வேலு, ஒல்லி வேலு என்றே கூப்பிட்டுப் பழகியதால், அவர்களெல்லாம் ஒரே பெயர்க்காரர்கள் என்பது சத்தியமாக எனக்கு உறைக்கவில்லை.

அண்ணனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் அமைந்தது. கல்யாணமும் அங்கேதான். "ஊர் ஊராப் போய் எதுக்குப்பா அலையணும்?" என்று சொல்லி, பத்திரிகையைச் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பியது நான்தான். எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள், சித்தப்பா மகள் செல்வி அக்காவைத் தவிர. அவள் வத்திராயிருப்பில் வாழ்க்கைப்பட்டவள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். "போன்ல கூப்பிட்டா போன்லயே வந்து சாப்பிட்டுட்டுப் போறேன்" என்று குடும்பக் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பா அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது வேறு பெரிய வேலை இருந்தது.

என் சேவையைக் கல்யாணத்தில் ஓட்டிப் பார்க்கப்போகிறேன்! குடும்பக் குழுவுக்கும் பெண் வீட்டாருக்கும் ஒரு லிங்க் அனுப்பினேன். ஒவ்வொருவரும் பெயரையும் தங்கியிருக்கும் இடத்தையும் பதிய வேண்டும். யாரைத் தேடினாலும் பெயரைத் தட்டினால் போதும். "யாரும் யாருக்கும் போன் போடாதீங்க, சிஸ்டத்தைக் கேளுங்க" என்று அறிவித்தேன்.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே மண்டபத்தில் ஐயர் தாலியைக் கேட்டார்.

"தாலி யார்ட்டலே?" என்றார் அப்பா.

"மில் வேலு அண்ணன்ட்ட" என்றேன்.

"அவன் எங்க?"

அந்தக் கேள்விக்காகத்தானே நான் பிறந்தேன்? அவர் முழுப்பெயரைத் தட்டினேன். 'வேலுச்சாமி. வத்திராயிருப்பு, பிள்ளையார் கோயில் தெரு' என்று வந்தது. மில் வேலுவின் மாமனார் ஊரும் வத்திராயிருப்புதான். அவர் போனோ சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது.

"தாலியத் தூக்கிட்டு மாமனார் வீட்டுக்கா போயிட்டான்?" என்று அப்பா நெஞ்சில் கை வைத்தார். முகூர்த்தம் தவறினால் பெண் வீட்டார் முகத்தில் எப்படி முழிப்பது? நான் டிரைவர் சேவியர் அண்ணனுக்கு முகவரியை அனுப்பினேன். "வேலுச்சாமின்னு கேளுங்க, தாலி அவருகிட்ட இருக்கு, அப்படியே கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு வாங்க" என்று விரட்டினேன்.

கார் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், பெண்ணின் அப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"தம்பி, மாப்பிள்ளை எங்கன்னு உங்க இதுல வேலுச்சாமின்னு போட்டுப் பார்த்தேன். வத்திராயிருப்புன்னு வருது. கீழ 'தொட்டில்'னு வேற போட்டிருக்கு."

கீழேயா? நான் அதுவரை கீழே தள்ளிப் பார்க்கவே இல்லை. தள்ளினேன். 'தற்சமயம்: தொட்டில். பதிந்தவர்: செல்வி.'

செல்வி அக்கா தன் கைக்குழந்தைக்கும் தாத்தா பெயரைத்தான் வைத்திருக்கிறாள். சண்டையில் பெயர் வைத்ததை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 'எங்க வீட்டுலயும் ஒரு வேலுச்சாமி இருக்கான், தெரிஞ்சுக்கோங்க' என்று வீம்புக்குப் பதிந்திருக்கிறாள். அவன் கடைசியாக வந்தவன். நான் எழுதிய விதிப்படி, கல்யாண மாப்பிள்ளை உட்பட நான்கு பெரியவர்களையும் எழுப்பிவிட்டுத் தொட்டிலில் படுத்தபடி இடத்தைப் பிடித்துக்கொண்டான்.

பெண்ணின் அப்பாவை இழுத்துக்கொண்டு போய், அறையில் தலை துவட்டிக்கொண்டிருந்த அண்ணனை நேரில் காட்டினேன். அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது. அதே நேரம் பக்கத்து ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. அரிசி மூட்டை மேல் படுத்திருந்த மில் வேலு, மஞ்சள் பையோடு வெளியே வந்தார்.

"தாலி பத்திரமா இருக்கணும்னு தலைக்கு வச்சு செத்த நேரம் கண்ணசந்துட்டேன். ஏன் எல்லாரும் என்னையவே பாக்கீக?"

அப்பா பையைப் பிடுங்கினார். அடுத்து என் காதைத்தான் பிடித்திருப்பார். அதற்குள் கார் வந்துவிட்டது. பட்டுச்சேலையில் செல்வி அக்கா இறங்கினாள். தோளில் ஐந்தாவது வேலுச்சாமி, நெற்றியில் மைப்பொட்டோடு.

"வேலுச்சாமி இருக்காரான்னு கேட்டேன். இப்பத்தான் பால் குடிச்சாருன்னாக. தாலி அவருகிட்டதானாம், கூட்டிட்டு வரச் சொன்னாகன்னேன். அக்கா அழுதுக்கிட்டே கெளம்பிட்டாக" என்றார் சேவியர் அண்ணன். (அவருக்கு இதில் எதுவுமே விநோதமாகப் படவில்லை.)

அக்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வரவே கூடாதுன்னுதான் இருந்தேன் பெரியப்பா. வாசலுக்கே காரை அனுப்பி, எம்புள்ள கையால தாலி எடுத்துக் குடுக்கணும்னு சொல்லி விட்டிருக்கீகளே! இதுக்குப் பொறவும் நான் வராம இருப்பனா?"

அப்பா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"ஆமாத்தா, அதுக்குத்தான் கார் அனுப்புனேன்" என்று கூசாமல் சொன்னார். தாலியை எடுத்து அந்தக் குட்டிக் கைகளில் வைத்தார். அவன் உடனே வாயில் வைக்கப் பார்த்தான். அந்த நிமிடம் யாராவது கேட்டிருந்தால், தாலி வேலுச்சாமியிடம்தான் என்று நான் சொன்னது உண்மையாகியிருக்கும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மறுநாளே நிரலைத் திருத்தினேன். ஒரே பெயர் இரண்டாம் முறை வந்தால் இனி மறுத்துவிடும். அதைச் சோதிக்க ஐந்து வேலுச்சாமிகளைப் பதிந்து பார்க்கும் ஒரு சோதனையும் எழுதி வைத்தேன். "வேலுச்சாமி என்றால் என்ன?" என்று பெல்ஜியம்காரர் கேட்டார். "எங்கள் பக்கத்தில் மிகவும் அரிதான பெயர்" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் வத்திராயிருப்புக்கு நேரில் போய் அழைத்தாக வேண்டும், தாலியை அங்கே முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், காலையில் கார் போக வேண்டும். சமீபத்தில் என் கல்யாணம்; அதற்குள் தொட்டில்காரனுக்கு எட்டு வயது. மண்டபத்தில் ஐயர் தாலியைக் கேட்டார். "சிஸ்டத்தைக் கேளுலே" என்றார் அப்பா. மண்டபமே சிரித்தது. என் போன் அடித்தது.

"மாமா, தாலி எங்கிட்டதான் இருக்கு" என்றான் வேலுச்சாமி. "கார் எங்க?"