சகலையைவிட ஐயாயிரம் அதிகம்

பாட்டனி டவுன்ஸ், ஆக்லாந்து,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய சகலை விநாயகமூர்த்தி அவர்களுக்கு,

பழனிசாமியின் வணக்கம். இங்கே நான், பாக்யம், மனோஜ் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். பாபகூராவில் நீங்களும் ஸ்வர்ணாவும் குழந்தை ரஷ்மியும் சௌக்கியமா என்று போனில் கேட்கலாம்தான், ஆனால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் கேட்டால் நீலக் கோடுதான் பதில். குடும்பக் குழுவிலிருந்தும் விலகிவிட்டீர்கள். அதில் நான் போடும் காலை வணக்கப் படங்களிலிருந்து தப்பிக்க நீங்கள் வெகுநாளாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும், அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

பிளாக்ஹவுஸ் பே வீட்டுக்குப் போட்டியாக விலை கேட்டவர் நீங்கள்தான் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. பாக்யத்தின் உத்தரவு அப்படி. இதற்கு முன் பார்த்த இரண்டு வீடுகளும் கைநழுவியது ஊரெல்லாம் சொல்லிக் கண் பட்டதால்தான் என்பது அவள் கட்சி. "சாவி கைக்கு வர்ற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. ஸ்வர்ணாகிட்டயே நான் சொல்லப் போறதில்ல, பாத்துக்குங்க" என்றாள். அதே வாரத்தில் அதே உத்தரவை ஸ்வர்ணா உங்களுக்குப் போட்டிருந்தாள் என்பது இப்போதுதான் தெரிகிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள், வேறெப்படி இருப்பார்கள்? ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுவதா நறுக்கிப் போடுவதா என்பதுவரை தினமும் போனில் பேசுகிற அக்காவும் தங்கையும், வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை நாங்கள் அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது மளிகைக் கடைக்குப் போவதாகச் சொன்னோம். மறுநாள் நீங்கள் போனபோது, ரஷ்மியை ரயிலில் சிட்டிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னீர்கள். கிழக்குப் பார்த்த வாசல், தென்கிழக்கில் அடுப்பு என்று அக்கா தங்கை இருவரும் ஒற்றைக்காலில் நிற்க, இந்த ஊரில் அப்படி எத்தனை வீடு இருந்துவிடப் போகிறது? ஏஜென்ட் கெல்வினாவது, திசைகாட்டியோடு இரண்டாவது குடும்பம் வந்து நின்றபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என் வாய்தான். மனோஜ் பிறந்தநாளன்று பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் உங்களை நகரவிடாமல் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். வீட்டுக்கு விலை கேட்டு எழுதும் காகிதத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும், 'என் விலை இது, வேறு யாராவது கூடக் கேட்டால் அவர்களைவிட ஐயாயிரம் டாலர் அதிகம் தருகிறேன், இந்த உச்சவரம்பு வரைக்கும்' என்று எழுதிவிட்டால் போதும், மற்றதை அந்த வரியே பார்த்துக்கொள்ளும் என்றேன். "நமக்கெதுக்குங்க இதெல்லாம், வாடகை வீடே போதும்" என்றீர்கள். கை கழுவிவிட்டு வந்து, "அந்த வரிய எப்படி எழுதணும்னு சொன்னீங்க?" என்றும் கேட்டீர்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, என்னிடமும் ஒருவர் சந்தேகம் கேட்கிறாரே என்ற பூரிப்பில் இருந்தேன். வக்கீல் ரேச்சல், யாழ்ப்பாணத்துப் பெண், என் காகிதத்தைப் பார்த்ததுமே சொன்னார்: "அண்ணை, எவ்வளவு மட்டும் போவியள் எண்டு நீங்களே எழுதிக் குடுத்தா, விலை அதிலதான் வந்து நிக்கும்." இவ்வளவு படித்தும் விவரம் போதாத பெண் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டுக்கு விலை கேட்டதே நாம் இரண்டு பேர்தான், சகலை. ஆக்லாந்தில் வேறு ஒரு ஜீவனுக்கும் அது வேண்டியிருக்கவில்லை. நீங்களும் நானும் அவரவர் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்க, நம் காகிதங்கள் இரண்டும் கெல்வின் மேசையில் தாங்களாகவே அடித்துக்கொண்டன. உங்களுடையதை என்னுடையது ஐயாயிரம் தாண்ட, என்னுடையதை உங்களுடையது ஐயாயிரம் தாண்ட, கடைசியில் உங்கள் உச்சவரம்பு முட்டி நின்றுவிட்டது. என்னுடையது அதற்கு மேலும் ஒரு ஐயாயிரம் ஏறி ஜெயித்தது. நமக்குள் ஒரு போன் பேசியிருந்தால் யாராவது ஒருவர் முதலில் சொன்ன விலைக்கே வாங்கியிருக்கலாம்.

ஜெயித்த சேதி வந்ததும் பாக்யத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாவி வரும்வரை காத்திருப்பதாவது என்று ஸ்வர்ணாவுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில். இவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்வர்ணா அழ ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, உன்கிட்டகூட மறைச்சுட்டேன். பிளாக்ஹவுஸ் பேல ஒரு வீடு, எவனோ ஒரு பாவி எங்களுக்கு மேல ஐயாயிரம் போட்டுத் தட்டிட்டுப் போயிட்டான். அவன் உருப்படுவானா?" என்றாள். அந்தப் பாவி பக்கத்தில் உட்கார்ந்து லட்டு தின்றுகொண்டிருந்தான். பாக்யம் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "நாங்கதான் ஸ்வர்ணா" என்றாள். ஸ்வர்ணா போனை வைத்துவிட்டாள். அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

பாங்க் சம்மதம் மட்டும்தான் பாக்கி, அது வந்ததும் பால் காய்ச்ச நாள் குறிக்கலாம் என்றேன். "என் தங்கச்சி வராம நான் அந்தப் படி ஏற மாட்டேன். நீங்களும் மனோஜும் போய்ப் பாலக் காய்ச்சிக் குடிங்க" என்கிறாள். வழக்கமாக ஸ்வர்ணா கூப்பிடும் நேரத்துக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு டி.வி. பார்க்கிறாள், டி.வி. ஓடுவதில்லை. அதைப் பார்த்த மனோஜ் என்னிடம், "ஜஸ்ட் ஸே ஸாரி, டாட்" என்றான். அதைத்தான் சொல்கிறேன் சகலை. வருத்தமாக இருக்கிறது. எனக்கு வீடு வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன், உங்களை ஜெயிக்க வேண்டும் என்று இல்லை. ஸ்வர்ணா வந்து அவள் கையால் அடுப்பைப் பற்ற வைத்தால்தான் என் வீட்டில் பால் பொங்கும். திட்டுவதாக இருந்தால் வந்தே திட்டட்டும், காப்பி போட்டு வைக்கிறேன்.

ரஷ்மிக்கு எங்கள் ஆசிகள். ஸ்வர்ணாவைக் கேட்டதாகச் சொல்லவும். உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சகலை,
பழனிசாமி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ரேச்சல் கூப்பிட்டார். நாம் ஏற்றிவிட்ட விலைக்கு அந்த வீடு பெறாது என்று மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்துவிட்டாராம், பாங்க் கடன் கிடையாது என்றுவிட்டது. எங்கள் ஒப்பந்தம் ரத்து. மேலே என் வீடு, என் பால் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இனி கெல்வின் உங்களைக் கூப்பிடுவார், உங்கள் உச்சவரம்பைச் சொல்லிப் பார்ப்பார். தலையாட்டிவிடாதீர்கள். நான் விலகிவிட்டேன், தாண்டுவதற்கு ஆளில்லாமல் உங்கள் காகிதத்தில் உள்ள அந்த ஐயாயிரம் வரி ஒரு படிகூட ஏறாது, நீங்கள் முதலில் சொன்ன விலைதான் விலை. ரேச்சலிடமும் கேட்டுவிட்டேன், "ஓம்" என்று ஆமோதித்தார். வீடு போய்விட்டது என்று பாக்யத்திடம் சொன்னபோது அழுவாள் என்று பயந்தேன். "அப்ப ஸ்வர்ணாவுக்குக் கிடைச்சிருமா?" என்றாள். பிறகு, "பால் காய்ச்ச நம்மளக் கூப்புடுவாளா?" என்று கேட்டாள். உங்களைத்தான் கேட்கிறேன்.