மூன்று ஷிப்டுக்கு மீன் கேட்டவர்

ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் முடிய உள்ள கம்பெனிகளில் எத்தனையோ ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள். அத்தனை பேரையும் சல்லடை போட்டுத் தேடினாலும், கூட நடந்து வருகிறவனை வெட்கத்தில் கூனிக் குறுக வைப்பதில் எங்கள் ஹேண்ட்ஓவர் அண்ணனை மிஞ்ச ஓர் ஆள் தேறாது. படப்பையில் அவரோடு ஒரே ரூமில் குப்பை கொட்டியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். அவர் படவேண்டிய வெட்கத்தையும் சேர்த்து நான்தான் பட்டேன்.

கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடித்துப் போகிறவர், அடுத்து வருகிறவரிடம் மெஷின் எப்படி ஓடுகிறது, எங்கே சத்தம் வருகிறது, எதைத் தொடக்கூடாது என்று விவரமாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதற்குப் பெயர் ஹேண்ட்ஓவர். மற்றவர்கள் அதைக் கம்பெனி கேட்டோடு விட்டுவிட்டு வருவார்கள். அண்ணன் கையோடு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, அவர் சீட்டுக்காகக் காத்திருக்கும் முன்பின் தெரியாத மனிதரைக் கையைப் பிடித்து நிறுத்துவார். "சீட்டு லைட்டா லூசா கீது சார். ரைட்ல சாயாதீங்க. ஜன்னல் மூடாது, மழை வந்தா எயுந்து நின்னுக்கோங்க." குன்றத்தூர் மலைக்கோயிலில் சாமி கும்பிட்டு நகரும்போது பின்னால் நின்ற அம்மாவிடம், "உள்ள ஃபேன் ஓடல. குருக்கள் கொஞ்சம் டென்ஷனா கீறாரு, அர்ச்சனைச் சீட்டுல பேரை மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கினு நில்லுங்க" என்றார். குருக்களுக்கு அது நன்றாகவே கேட்டது. அவர் என்னைத்தான் முறைத்தார். நான் முருகனிடம் மன்னிப்பு கேட்டதே அன்றைக்கு என் அர்ச்சனை.

அண்ணனுக்குச் சொந்த ஊரே குன்றத்தூர்தான். கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு வாடகை ரூமில் ஏன் இருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "மூணு தம்பிங்களுக்கும் கல்யாணம் ஆயிடுச்சுப்பா. ஆளுக்கு ஒரு ரூமு. எனக்கு டிவிக்குப் பின்னாடி பாயி. சீரியல் முடிஞ்சாத்தான் படுக்க முடியும்" என்று சிரித்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவருக்குப் பெண் பார்த்த கதையை மட்டும் அவர் யாரிடமும் ஒப்படைத்ததில்லை.

ரூமில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், சங்கரன்கோவிலிலிருந்து வந்த நான், கோவில்பட்டி மாரிச்செல்வம். மூன்று பேருக்கும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். ஒருவன் பல் துலக்கும்போது இன்னொருவன் படுக்கப் போவான். அப்படிப்பட்ட ரூமுக்குத்தான், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க ராஜபாளையத்திலிருந்து ஒருவர் வருவதாக ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், ஒரே மகள், பெயர் ஈஸ்வரி. ஜாதகம் பொருந்திவிட்டது, பையன் இருக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேச்சு என்று சொல்லிவிட்டாராம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. இதற்கு முன் வந்த வரன் ஒன்று, எங்கள் ரூமின் கொடியில் தொங்கிய உள்ளாடைகளைப் பெண்ணின் சித்தப்பா பார்த்த வேகத்திலேயே நின்றுபோயிருந்தது. ஈஸ்வரியின் போட்டோவை நான் பார்த்திருந்தேன். இந்தச் சம்பந்தமும் கைநழுவினால் எனக்குத் தாங்காது.

"மீன் தொட்டி வைப்போம்" என்றார் அண்ணன்.

"அண்ணே, என்னத்துக்குண்ணே இந்த வேல? சுவத்துக்கு வெள்ளையடிச்சாப் போதும்லா" என்றான் மாரிச்செல்வம்.

"வெள்ள அடிச்சா இன்னாத்தையோ மறைக்கிறானுங்கன்னு நெனைப்பாங்கடா. மீன் தொட்டி கீற வூட்டைப் பாத்தா, இவன் ஒரு உசுரை வெச்சுக் காப்பாத்துவான்னு ஒரு நம்பிக்கை வரும்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை படப்பை பஜாரிலுள்ள மீன் கடைக்கு அவரோடு போனேன். தனியாகப் போயிருக்க வேண்டும்.

கடைக்காரர், "இன்னா மீனுண்ணா ஓணும்?" என்றார்.

"மூணு ஷிப்டுக்கு மீன் ஓணும்" என்றார் அண்ணன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தொங்கிக்கொண்டிருந்த மீன் கவர்களைப் பார்த்தேன்.

"புரியலையா? ஆளு எந்த நேரத்துக்கு வூட்டுக்கு வந்தாலும் ஒரு மீனாவது முழிச்சிக்கினு இருக்கணும். அதே சமயம் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடக்கூடாது. தொட்டி சின்னது. புது ரூம்மேட்டு எடுக்கறா மாதிரி பாத்துத்தான் எடுக்கணும். ஒவ்வொண்ணா சொல்லு."

அதற்குப் பிறகு நடந்தது வியாபாரமல்ல, இன்டர்வியூ. அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் கோல்டு ஃபிஷ். "நல்லா வளரும்ணா. ஆனா தின்னுக்கினே இருக்கும், அதுக்கேத்தா மாதிரி தண்ணியையும் அயுக்காக்கும்" என்றார் கடைக்காரர். "மெஸ் பில்லு எகிறிடும். வேணாம்." அடுத்து ஃபைட்டர், தனியாக ஒரு பாட்டிலில் வாலை விரித்துக்கொண்டு நின்றது. "இது கூட இருக்கறதோட வாலைக் கடிச்சு வெச்சிடும்." "தனி ரூம் கேக்கற ஆளு. நமக்கு செட் ஆவாது." பிறகு ஏஞ்சல். பார்க்க அத்தனை சாதுவாக இருந்தது. "சின்னதுல ஒண்ணும் பண்ணாதுண்ணா. பெருசானா குட்டி மீனையெல்லாம் முயுங்கிடும்." அண்ணன் தலையை ஆட்டினார். "எங்க கம்பெனியில இந்த மாதிரி நெறைய பேரு கீறானுங்க. ப்ரமோஷன் வர வரைக்கும் சாதுதான்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. அதில் கம்பெனியில் என் லைனில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், யூனிஃபார்மோடு. நான் அவசரமாக ஒரு பெரிய தொட்டிக்குப் பின்னால் போய் மறைந்தேன். தண்ணீருக்குப் பின்னால் முகம் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாகத் தெரியும் என்பதை அப்போது யோசிக்கவில்லை. "அண்ணா, நீங்க இன்டர்வியூவுக்கு வந்த கேண்டிடேட்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

கடைக்காரரும் பொறுமை இழந்தார். "யோவ் அண்ணே, நீ மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணு இவனுக்குத்தான்" என்று அண்ணன் தொட்டிக்குப் பின்னால் இருந்த என்னைக் கை காட்டினார். "மாமனாரு வராரு. அதுக்குத்தான் மீனு." பஜாரே திரும்பிப் பார்த்தது.

ஒரு வழியாக ஆள் எடுத்து முடித்தார். மேலே நீந்த ஆண் கப்பிகள் மட்டும். "குடும்பத்தோட வந்தா பேச்சிலர் ரூம்ல எடமில்ல." நடுவில் நீந்த, கூட்டமாகவே திரியும் குட்டி டெட்ராக்கள். "தனியா வுட்டா பயந்துக்கும்ணா" என்று கடைக்காரர் சொல்ல, "இவன் ஊர்ப் பசங்க மாதிரி" என்றார் அண்ணன். அடியில் கிடக்க, மீசை வைத்த சின்னக் கெளுத்தி வகை ஒன்று. யார் வம்புக்கும் போகாது, இருட்டினால்தான் சுறுசுறுப்பாகும். "நைட் ஷிப்ட்" என்று அதற்கு உடனே வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்.

மீனை இப்போதே எடுத்துப் போகாதீர்கள், புதுத் தொட்டி, தண்ணீரும் மோட்டாரும் கொஞ்ச நாள் சும்மா ஓடட்டும் என்று கடைக்காரர் சொன்னார். "ட்ரையல் ரன்!" என்று அண்ணன் குதூகலமாகிவிட்டார். அதன்பின் நாங்கள் மூவரும் ஒரு காலித் தொட்டியை ஒருவருக்கொருவர் ஒப்படைத்துக்கொண்டு திரிந்தோம். "மோட்டார் ஓடுது. குமிழி நல்லா வருது. சத்தம் இல்ல." கீழ்வீட்டு ஓனர் வாடகை விஷயமாக மேலே வந்தவர், "மீன் எங்கப்பா?" என்றார். "இன்னும் டூட்டிக்கு வரல சார்" என்றார் அண்ணன். ஓனர் வாடகையைக் கேட்காமலே இறங்கிப் போனார்.

மாமனார் வருகிற வாரத்தில் மீன்கள் வந்து சேர்ந்தன. அண்ணன் எடுத்த ஆட்கள் ஒருவரும் சோடை போகவில்லை. மேலே இருப்பது மேலே, அடியில் இருப்பது அடியில், ஒரு சின்ன உரசல் கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. கெடுத்தது நாங்கள்தான். தீனியை ஒரு வேளை, ஒரு சிட்டிகைக்கு மேல் போடாதே என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அண்ணன் அதை ஏற்கவில்லை. "எந்த கேன்டீன்லயாவது ஒரு ஷிப்டுக்கு மட்டும் சோறு போடுவானா? அவனவன் ஷிப்டுக்கு அவனவன் போடணும்." நாங்களும் போட்டோம். மாரிச்செல்வம் தாராள மனசுக்காரன், அள்ளியே போட்டான்.

ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் தொட்டியில் தண்ணீர் இல்லை, கஞ்சி இருந்தது. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு கப்பி செத்து மிதந்தது. தண்ணீரை மாற்ற பக்கெட்டை எடுக்கும்போதே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தொட்டியின்மேல் போட்டார்.

வந்தவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் இருந்தார். கொடி காலியாக இருந்ததைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், நேரே போய்த் துண்டைத் தூக்கினார்.

"புதுசா வாங்குனதாக்கும்?" என்றார்.

"ஆமா சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நான் வாரேன்னுட்டா?"

என்ன சொல்வது? காட்டுவதற்காக வாங்கினோம், காட்டுவதற்குள் கொல்லப் பார்த்தோம். ஓர் உயிரை வைத்துக் காப்பாற்றத் தெரியாதவன் என்று என் ரூமே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அவமானத்தில் காது சுட்டது. ஈஸ்வரியின் போட்டோ இருந்த போனை அறியாமல் பாக்கெட்டுக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் முன்னால் வந்தார். அவர் தலை குனிந்து அன்றுதான் பார்த்தேன். "தப்பு இவன் மேல இல்ல சார். மீன் மேலயும் இல்ல. நல்லா பொருத்தம் பாத்துத்தான் எடுத்தேன், ஒண்ணை ஒண்ணு தொடக்கூட இல்ல. மூணு ஷிப்டுக்கும் சோறுன்னு ரூல் போட்டவன் நான். துன்ன முடியாம மிஞ்சிப்போயி, தண்ணி கெட்டுப்போச்சு. அசிங்கமாத்தான் கீது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா?

"ஆனா இவனைப் பத்தி சொல்லிடறேன். பையன் நல்ல கண்டிஷன்ல கீறான். காலைல காபி உள்ள போறதுக்கு முன்னாடி பேச்சு குடுத்தா சத்தம் வரும். கோவம் வந்தா சாப்பாட்டைத் தள்ளி வெச்சிடுவான், கெஞ்சக்கூடாது. தட்டை மூடி வெச்சிட்டு அப்பால போயிட்டா, தானா வந்து துன்னுவான். சோப்பை எடுத்த எடத்துல வெக்க மாட்டான், அது ரிப்பேர் ஆவாது. ஜுரம்னா வாயைத் தொறந்து சொல்ல மாட்டான். ரெண்டு போர்வை எடுத்தான்னா ஜுரம்னு நாமதான் தெரிஞ்சுக்கணும். அம்மா போன் பண்ண அன்னிக்கு மொகம் வாடிப்பூடும். ஒண்ணும் கேக்கக்கூடாது. பக்கத்துல சும்மா குந்திக்கினு இருந்தா போதும்."

மாரிச்செல்வம் மெல்ல நழுவி மொட்டை மாடிக்குப் போய்விட்டான். எனக்குப் போக இடமில்லை. பூமி பிளக்காதா என்றிருந்தது. அதே நேரம் இன்னொன்றும் புரிந்தது. ஜுரத்தில் கிடந்த நாட்களில் தலைமாட்டில் வெந்நீர் இருக்கும். மாரிச்செல்வம் வைத்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து, கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பெரிய ரிப்பேர் எதுவும் உண்டுமா?"

"ஒரு வாட்டி லவ்வுல ஒடஞ்சான் சார். ரொம்ப நாளாச்சு. இப்போ ஸ்மூத்தா ஓடுது."

அதைவிடக் கேவலம் ஒரு மாப்பிள்ளைக்கு வர முடியாது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"மில்லுல காலம் பூராவும் ஷிப்ட் பாத்தவன் நான். ஸ்பிண்டில்ல நூல் அறுந்து தொங்கும், எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவான். இம்புட்டு சுத்தமா எனக்கு யாரும் ஒப்படைச்சதில்ல. சரிங்க, நான் சார்ஜ் எடுத்துக்கிடுதேன்" என்றார் அவர். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "மொதல்ல பாதித் தண்ணிய மாத்துவோம். ஏ மாப்ளே, அந்த பக்கெட்டை எடுங்க."

அண்ணனும் அவரும் குனிந்து மக்கில் மொண்டு ஊற்றினார்கள். நான் பக்கெட் தூக்கினேன். வெள்ளைச் சட்டையெல்லாம் மீன் வாடை. செத்த கப்பியைத் தவிர மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டன.

கல்யாணமாகி நானும் ஈஸ்வரியும் படப்பையிலேயே இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். அண்ணன் அதே ரூமில், புதிதாக வந்த பையன்களோடு. இப்போது ஈஸ்வரிக்கு ஒரு மீன் தொட்டி வேண்டுமாம். நானே போய் வாங்கி வருகிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"அப்பாகிட்ட உங்களைப் பத்தி அந்த அண்ணன் சொன்னதுல ஒண்ணுகூடப் பொய்யில்ல. மீனையும் அவரே பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. பஜார் முழுக்க ஆட்கள் இருப்பார்கள், என் லைனில் பாதிப் பேர் அங்கேதான் சுற்றுவார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று இப்போதே தெரியவில்லை. அவரோடு போவதற்கு நல்ல சட்டையாக ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.