மக்காச்சோளச் சட்டை

தீர்க்கதரிசிகளின் காலம் மலையேறிவிட்டது என்று புலம்புகிறவர்களுக்கு விவரம் போதாது. அவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. பேஸ்பால் பண்ணைகளில் மதிப்பீட்டாளர்களாக வேலைக்குச் சேர்ந்து நன்றாகவே இருக்கிறார்கள்.

பண்ணை என்றதும் சாணி வாடை வருமோ என்று மூக்கைப் பொத்த வேண்டாம். பெரிய நகரத்து அணி தனக்கு வேண்டிய ஆட்டக்காரர்களைச் சின்ன ஊர் அணிகளில் விதைத்து வளர்க்கும். விளைந்ததை மேலே கூப்பிட்டுக்கொள்ளும், விளையாததைப் பிடுங்கி வரப்பில் போடும். எது விளையும் என்பதை முன்கூட்டியே அறிவதுதான் மதிப்பீட்டாளரின் திருப்பணி. இருபதிலிருந்து எண்பது வரை மதிப்பெண் போடுவார்கள். பூச்சியமும் நூறும் எங்கே போயின என்று கேட்பவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லாதவன்.

அயோவா மாநிலத்து மில்லர்ஸ்போர்க்கில் 'கெளுத்திகள்' என்றோர் அணி. அதில் ராய்ஸ் டெண்டன் எட்டு வருஷமாக முளைவிட்டுக்கொண்டிருந்தான். வயது இருபத்தொன்பது. அந்த அணியில் அவனைவிட அதிகம் அடித்தவன் கிடையாது. மதிப்பீட்டுச் சாத்திரப்படி அது பெரிய தோஷம். இப்போதே நன்றாக ஆடுகிறவன் இனிமேல் எப்படி நன்றாக ஆட ஆரம்பிப்பான்? இருபது வயது பிரைசன் ஹாலக்கின் கதை வேறு. அவனைச் சேர்க்கும்போதே பெரிய அணி பணத்தை வாரி இறைத்திருந்தது. ஆகவே அவனுடைய எதிர்காலம் வந்தே தீரவேண்டிய கட்டாயத்தில் இருந்தது.

செப்டம்பர் நெருங்கியது. மேலே ஒரே ஓர் இடம் காலி. ராய்ஸ் மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தான்: இந்தத் தடவையும் கூப்பிடாவிட்டால் மாமனாரோடு கூரை போடும் வேலைக்குப் போய்விடுவான். பெரிய மைதானத்துப் புல்லில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நின்றுவிட வேண்டும். அவனுக்கு வேறு ஆசை கிடையாது.

ஆளைத் தேர்ந்தெடுக்கப் பண்ணைகளின் இயக்குநர் பிராம்லெட் நேரிலேயே எழுந்தருளினார். அன்று ஊரில் மக்காச்சோள ஞாயிறு. வருஷா வருஷம் அந்த மத்தியான ஆட்டத்துக்கு மட்டும் எல்லோரும் மஞ்சள் சோள மணி அச்சிட்ட சட்டை போடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் சட்டைகளை ஏலம் விட்டு, வந்த பணத்தை ஊர்த் தீயணைப்பு வண்டிக்குக் கொடுப்பார்கள். ஏலச் சட்டை என்பதால் முதுகில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

"அண்ணே, இது அக்குள்ல பிடிக்குது. கையத் தூக்கினா கிழிஞ்சிரும் போல இருக்கு" என்றான் பிரைசன். அவனுடையது இருபத்தேழு.

"எனக்குத் தொளதொளங்குதுடா. உள்ள இன்னொரு ஆள வாடகைக்கு வைக்கலாம்" என்றான் ராய்ஸ். அவனுடையது பதினான்கு.

"மாத்திக்கலாமாண்ணே?"

"கொண்டா. எல்லாம் சோளம்தானே."

மாற்றிக்கொண்டார்கள். அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் பெயர்களைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் பிராம்லெட் காதில் பஞ்சு அடைத்துக்கொள்ளும் உத்தமர். ஜனங்களின் கைதட்டல் காதில் விழுந்தால் மதிப்பீடு தீட்டுப்பட்டுவிடும் என்பது அவர் கொள்கை. முகம் பார்த்தால் பாசம் வந்துவிடும் என்பதால் உட்கார்ந்ததுகூட மட்டையாளரின் முதுகுக்குப் பின்னால்தான். நீல் என்ற உதவியாளன் கையிலிருக்கும் டேப்லெட்டில் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். வேண்டிய எண் வந்ததும் அவர் தோளைத் தொடுவான், அவர் கண்ணைத் திறப்பார்.

இருபத்தேழு வந்தது. முதல் அடி வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆனது. இரண்டாவது அடி டயர் கடை விளம்பரப் பலகைக்கு மேலே பறந்து கார்கள் நிற்கும் இடத்தில் விழுந்தது.

"மணிக்கட்டைப் பாத்தியா நீல்? இதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது. பிறவியிலயே வரணும். நான் இவனை அன்னிக்கே சொன்னேன்."

"எண்பது போடவா சார்?"

"எழுபது போடு. எண்பது போட்டா நாம உணர்ச்சிவசப்பட்டுட்டோம்னு நினைப்பாங்க."

பதினான்கு வந்தது. மூன்று தடவையும் மட்டையைக் காற்றில் வீசிவிட்டுத் திரும்பியது.

"பாவம். இவன் மட்டையைச் சுத்துறதுக்குள்ள பந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டே முடிச்சிருது" என்று இரங்கினார் பிராம்லெட். "வயசு. முப்பது போடு."

ராய்ஸுக்கு இந்தப் பேச்செல்லாம் தெரியாது. இன்றைக்கு அடித்த அடியைக் கண் தெரியாதவன்கூட இல்லையென்று சொல்ல முடியாது என்று நினைத்தான். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் கஸ்ஸின் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். அந்த அறைக்குள் போகிறவன் பெரிய நகரத்துக்கு விமானம் ஏறுவான், அல்லது பெட்டி கட்டுவான். மூன்றாவது வழி கிடையாது.

"பிரைசன்" என்று ஆரம்பித்தார் பிராம்லெட். "அந்த ரெண்டு ஹோம் ரன்னும் நாங்க எதிர்பார்த்ததுதான்."

"சார், அது நான் இல்ல."

பிராம்லெட் ஒரு காதுப் பஞ்சை எடுத்தார். "என்னது?"

"சட்டையை மாத்திக்கிட்டோம் சார். அடிச்சது ராய்ஸ் அண்ணன். காத்துல வீசினதுதான் நான்."

சாதாரண மனிதராக இருந்தால் அசடு வழிந்திருப்பார். பிராம்லெட் பிழை கண்டால் உடனே திருத்தும் பண்பாளர். "நீல், அறிக்கையைத் திருத்து" என்றார்.

"ரெண்டு ஹோம் ரன்னையும் ராய்ஸுக்கு மாத்திட்டேன் சார். காரணம் என்ன போட?"

"காத்து."

"கொடி துணி காயப்போட்ட மாதிரி தொங்கிட்டிருந்துதே சார்" என்றார் கஸ்.

"காத்தே இல்லாதப்ப அடிக்கிறது இன்னும் சுலபம். எழுதுப்பா."

"மூணு அவுட்டும் பிரைசனுக்கு. வயசுன்னு போட்டிருக்கே சார்?"

"அதை எடுத்துரு. கத்துக்கிறான்னு போடு. இந்த வயசுல இவ்வளவு துணிச்சலா தப்புப் பண்றவன் எங்கேயோ போயிருவான். அது மட்டுமா, கேக்காமலே உண்மையைச் சொன்னான் பாரு. குணத்துக்கு அறுபது."

"நானும் உண்மையத்தான் சார் சொல்றேன். ரெண்டையும் அடிச்சது நான்" என்றான் ராய்ஸ்.

"தற்பெருமை. நாப்பது."

"சார், அண்ணனை அனுப்புங்க சார்" என்றான் பிரைசன். அவனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"விட்டுக்கொடுக்கிற மனசு. அறுபத்தஞ்சு ஆக்கிரு நீல்." பிறகு ராய்ஸ் பக்கம் திரும்பி, கல்யாண வீட்டில் வாழ்த்துகிறவர் குரலில் சொன்னார்: "உன்னை மாதிரி அனுபவசாலியை நாங்களே பிடிச்சு வச்சுக்கிறது சரியில்லப்பா. உன்னை விடுவிக்கிறோம்."

எட்டு வருஷத்துத் தொப்பியைக் கழற்றி ராய்ஸ் மேஜைமேல் வைத்தான். கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. கஸ் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் சார். இன்னிக்கு நீங்க ஆட்டத்துக்கு வராமலே இருந்திருந்தா முடிவு மாறியிருக்குமா?" என்று கேட்டான் ராய்ஸ்.

"ஒருக்காலும் மாறாது" என்றார் பிராம்லெட் பெருமிதத்தோடு. "அதுதான்ப்பா எங்க முறையோட பலமே."

பஞ்சை மறுபடி காதில் அடைத்துக்கொண்டு வெளியே போனார். ராய்ஸும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தான். ஏலம் முடிந்திருந்தது. இருபத்தேழாம் எண் சட்டையை எடுத்தவர் கசாப்புக்கடை வர்ஜில். அறுபதை நெருங்குகிறவர். அங்கேயே போட்டுக்கொண்டு, வயிற்றில் சோள மணியெல்லாம் பொரிந்துவிடும்போலிருக்க, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தார்.

போகிற வழியில் பிராம்லெட் அந்த முதுகைத் தட்டிக்கொடுத்தார். "நாளைக்கு மத்தியானம் விமானம் தம்பி. நல்லாத் தூங்கு. இடுப்பை மட்டும் கொஞ்சம் கவனிச்சுக்கோ, மத்ததெல்லாம் நாங்க கணிச்ச மாதிரியே இருக்கு."

சொல்லிவிட்டு நிற்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். வர்ஜில் வாயில் ரொட்டியோடு திரும்பிப் பார்த்தார்.

"யாருப்பா அந்த ஆளு? என்னை எங்க போகச் சொல்றாரு?"

"எட்டு வருஷமா நான் போகணும்னு கிடந்த இடத்துக்கு" என்றான் ராய்ஸ். "தைரியமாப் போங்கண்ணே. அங்க போயும் சட்டையை மட்டும் கழட்டிராதீங்க. கழட்டினா உங்களையும் அவங்களுக்குத் தெரியாது."