நீல டெம்போவைப் பற்றி நான் வாய் திறந்தது

பெஹாலா, கொல்கத்தா
சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

அன்பு மருமகன் ராகுலுக்கு,

மாமா மருதமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. கோயம்புத்தூரில் நீயும் அக்கா கிருஷ்ணம்மாளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறோம். இங்கே உன் அத்தை மகேஸ்வரி சௌக்கியம். துர்காபூர் ஹாஸ்டலில் மகள் அக்ஷரா சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போனது, பேனாதான் நின்றுவிட்டது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். என் போன் அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது, சிம் கார்டு உளுந்து டப்பாவுக்குள் இருக்கிறது. இதற்குக் காரணம் நீதான், மாப்பிள்ளை. கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஹவுரா தொழிற்சாலையை மூடி ஏழு மாதம் ஆகிறது. இருபத்தாறு வருஷம் அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தேன். இன்றைக்கும் காலை எட்டு மணியானால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. அந்த வேலைக்குக்கூட இன்டர்வியூ என்று ஒன்று நடக்கவில்லை. உன் தாத்தாவின் சிநேகிதர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார், முதலாளி மேலும் கீழும் பார்த்தார், மறுநாள் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார். ஆகவே ஐம்பத்து நாலு வயதில் நியூ டவுனிலிருந்து முதல் முறையாக இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்ததும், என்ன சட்டை போட்டுக்கொண்டு போவது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கம்பெனியின் பெயர் மொச்மொச்சே ஃபுட்ஸ். மொச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வங்காளத்தில் மொறுமொறு என்று அர்த்தம். பொரி, மிக்சர், நிலக்கடலை எல்லாம் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். கோடவுனுக்கு ஒரு உதவி மேனேஜர் வேண்டுமாம். நீ பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலையில் இருக்கிறாயே என்று உன்னிடம் யோசனை கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

“மாமா, எங்க கம்பெனியப் பத்தி என்ன தெரியும்னு கண்டிப்பா கேப்பாங்க. வெப்சைட்ட மட்டும் படிச்சிட்டுப் போகாதீங்க, அத எல்லாரும் சொல்லுவான். கொஞ்சம் இறங்கி விசாரிங்க. உங்களுக்குத் தெரிஞ்சத அங்க காட்டுங்க. அசந்துருவாங்க.”

இறங்கி விசாரி என்றால் நீ என்ன நினைத்துச் சொன்னாயோ, நான் பஸ்ஸிலிருந்து இறங்கி விசாரித்தேன். பெஹாலாவிலிருந்து ரெண்டு பஸ் மாறி, ஒன்றே முக்கால் மணி நேரம். போன வாரம் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அந்தக் கோடவுன் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடைப் பெஞ்சில் காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை உட்கார்ந்தேன். மேலே ஆபீஸ், கீழே கோடவுன். கையில் ஒரு நோட்டு. எந்த லாரி எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எந்த ஷட்டர் திறந்தது என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதானே. முதல் நாளே டீக்கடை அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ரெண்டாம் நாள் பிஸ்கட்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள், ‘ஸார்’ என்றாள், தன் கடைக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்காமலே சொன்னாள். மூன்றாம் நாள் கோடவுன் காவலாளி ரோட்டைக் கடந்து நேராக என்னிடம் வந்தார்.

“யாருக்காக உட்கார்ந்திருக்கீங்க?”

வெப்சைட்டில் மனப்பாடம் செய்திருந்த ஒரே பெயர் வாயில் வந்தது. “ஹரிசாதன் பால் பாபுவுக்காக” என்றேன். கம்பெனியை ஆரம்பித்தவர்.

காவலாளி தொப்பியைக் கழற்றினார். “அவர் போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம் ஆச்சு, அண்ணா.”

“அப்படியா, சரி, அப்ப நான் இன்னொரு நாள் வர்றேன்” என்று சொல்லிவிட்டு, எந்த பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறி, ஏர்போர்ட் வரை போய்த் திரும்பி வந்தேன். அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. உள்ளே நுழையும்போது அதே காவலாளி. நான் முகத்தைப் பைலால் மறைத்துக்கொண்டு போனேன், அப்படி மறைத்ததால்தான் அவர் எழுந்து நின்று பார்த்தார். மேலே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் முதலாளி அம்மா, மிதாலி பால், இறந்துபோனவரின் மருமகள். வலது பக்கம் ஆள் எடுக்கிற பிரிவுப் பையன் ஒருவன், உன் வயசு இருக்கும். இடது பக்கம் கோடவுன் பெரிய மேனேஜர். அவர் பெயர் குண்டு. சிரிக்காதே, இங்கே அது குடும்பப் பெயர், ஆனால் அந்த நேரத்தில் “இவர் மிஸ்டர் குண்டு” என்று ஒருவர் அறிமுகம் செய்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப்பார். ஆறடி உயரம், சிரிக்காத முகம்.

அந்தப் பையன் நீ சொன்னபடியே கேட்டான். “எங்கள் கம்பெனியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?”

மாப்பிள்ளை, பயம் வந்தால் சிலருக்குப் பேச்சு நின்றுவிடும். எனக்குத் திறந்த குழாய் மாதிரி வரும், உன் அத்தையைக் கேட்டால் சொல்லுவாள். எந்த வருஷம் ஆரம்பித்தது, மொத்தம் பதினோரு வகைச் சரக்கு, ஒடிசாவுக்குப் போவது எது, அஸ்ஸாமுக்குப் போவது எது என்று சொன்னேன். அம்மா தலையாட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தலையாட்டியதும் எனக்குத் தைரியம் வந்து, மூன்றாம் நம்பர் ஷட்டர் பாதிக்கு மேல் ஏறுவதில்லை, ஆட்கள் குனிந்து குனிந்து மூட்டை தூக்குகிறார்கள், ஒருவர் வெள்ளிக்கிழமை தலையில் இடித்துக்கொண்டார், ஒடிசா லாரி வெளியே ரெண்டு மணி நேரம் காய்கிறது என்றேன். பையன் எழுதுவதை நிறுத்தினான். அப்போதும் என் வாய் நிற்கவில்லை.

“அப்புறம் மேடம், தினமும் மத்தியானம் ஒன்றரை மணிக்கு வாசலை ஒட்டிய சின்னக் கேட்டில் ஒரு நீல டெம்போ வருகிறது. பதினைந்து இருபது மூட்டை ஏற்றுகிறார்கள். மற்ற எல்லா வண்டிக்கும் காவலாளி சீட்டு வாங்குகிறார், அதற்கு மட்டும் வாங்குவதில்லை. மூன்று நாளும் பார்த்தேன்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். குண்டு பாபு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோடவுனில் திருட்டு நடக்கிறது என்று கோடவுன் மேனேஜர் முன்னாலேயே அவருடைய முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன் என்பது அந்த ஒரு பார்வையில்தான் எனக்கு உறைத்தது. “நாங்கள் சொல்லி அனுப்புகிறோம்” என்றார் அம்மா. நான் நன்றியை மூன்று மொழியில் சொல்லிவிட்டு எழுந்தேன். நாற்காலி விழுந்தது.

மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பேன், பின்னால் கனமான செருப்புச் சத்தம்.

“முத்து பாபு! நில்லுங்க. பெஹாலாவுல எங்க இருக்கீங்க?”

“சௌராஸ்தா பக்கம்.”

“எந்தச் சந்து?”

சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே, அவர் கேட்கிற விதம் அப்படி.

“வீட்ல யார் யாரு?”

“நானும் மனைவியும் மட்டும்தான்.”

“சாயங்காலத்துல வீட்ல இருப்பீங்க இல்ல?” என்று கேட்டுவிட்டு என் தோளில் ஒரு தட்டு தட்டினார். இப்போதும் அந்தத் தோளைத் தொட்டால் கூசுகிறது.

அன்று சாயங்காலமே தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அடித்ததும் சிம்மைக் கழற்றிவிட்டேன். போனை வைத்து ஆள் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறார்களாமே. புதன்கிழமையிலிருந்து நான் வாசற்படி தாண்டவில்லை. காய்கறிக்கு மகேஸ்வரிதான் போகிறாள், போய்விட்டு வந்து ஒவ்வொரு நாளும் அதையேதான் சொல்கிறாள். “ஏங்க, பொரி திருடுறவன் ஆளக் கொல்லுவானா? சும்மா இருங்க.” தினம் பதினைந்து மூட்டை என்றால் வருஷத்துக்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியவில்லை. நேற்று எதிர்வீட்டு பௌதி (இங்கே அண்ணியை அப்படித்தான் சொல்வார்கள்) வந்து, வியாழக்கிழமை பைக்கில் ஒரு உயரமான ஆள் வந்து தென்னிந்தியர் வீடு எது என்று சந்து முழுக்க விசாரித்ததாகச் சொன்னாள். தெரியாது என்று சொல்லி அனுப்பினாளாம். அந்தப் புண்ணியவதி நன்றாக இருக்கட்டும். அதைக் கேட்ட பிறகு மகேஸ்வரியும் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாள். போட்டுவிட்டு, “காத்து அடிக்குது, அதான்” என்றாள்.

போலீசுக்குப் போகலாம் என்றால், மூன்று நாள் அந்நியர் கோடவுன் முன்னால் நீ ஏன் உட்கார்ந்தாய் என்று முதலில் என்னைத்தான் கேட்பார்கள். டீக்கடை அம்மா சாட்சி சொல்லுவாள். காவலாளி, செத்தவரைத் தேடி வந்த ஆள் இவன்தான் என்று அடையாளம் காட்டுவார். ஆகவே நாங்கள் கொஞ்ச காலம் கோயம்புத்தூரில் வந்து இருக்கலாமா என்று யோசிக்கிறேன். உன் அம்மாவிடம் காரணம் சொல்லாதே, வெயிலுக்கு வருகிறார்கள் என்று சொல். ஒருவேளை அதற்குள் எனக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், லாரி நம்பர் எழுதிய நோட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அக்ஷராவுக்கு இந்தக் கடைசி செமஸ்டர் முடிகிற வரை ஒன்றும் தெரிய வேண்டாம். அப்பா ஆபீஸ் போகிறாரா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாள். சீக்கிரம் போவேன் என்று ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பொய்யை நிஜமாக்கத்தான், மாப்பிள்ளை, நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது.

நீ நீண்ட ஆயுளோடு, நல்ல உத்தியோகத்தோடு, சீக்கிரம் கல்யாணமாகி, பிள்ளை குட்டிகளோடு விளங்க வேண்டும். அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். மகேஸ்வரி உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். கீழே ஒரு பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா
மருதமுத்து

பின்குறிப்பு (அதே நாள், சாயங்காலம் ஆறரை):

மேலே எழுதியது ஒன்றையும் நம்பாதே. பைக்கில் வந்தது குண்டு பாபுவேதான். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மகேஸ்வரி கதவைத் திறந்து, அவர் குளிக்கிறார் என்று சொல்லிவிட்டாள்; ஆகவே உள்ளே நான் வாளியில் தண்ணீர் பிடித்து, சட்டையோடு ரெண்டு சொம்பு ஊற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அங்கிருந்தே எல்லாவற்றையும் கேட்டேன். அவர் காபி குடித்தார். முறுக்கு சாப்பிட்டார். இது எந்தக் கடை என்று கேட்டார், இன்னும் ரெண்டு சாப்பிட்டார். பிறகு, “பௌதி, நாலு நாளா ஆபீஸ்லேர்ந்து பதினேழு தடவ போன் பண்ணிட்டாங்க, உங்க வீட்டுக்காரர் எடுக்கல. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள பதில் வரலேன்னா அடுத்த ஆளக் கூப்பிடுவோம்னு சொன்னாங்க. அதான் வேல உத்தரவ எடுத்துக்கிட்டு நானே வந்தேன்” என்றார்.

நீல டெம்போ திருட்டு வண்டி இல்லையாம். உடைந்த பொரியும் நமுத்துப்போன மிக்சரும் மீன் வளர்க்கிற குளத்துக்குத் தீனியாகப் போகிறதாம். கழிவுதானே, அதற்கு எதற்குச் சீட்டு என்று முதலாளி அம்மாவே சொல்லியிருக்கிறார். கழிவானாலும் சீட்டு வேண்டும் என்று ரெண்டு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தவர் குண்டு பாபுதான். வெளியிலிருந்து ஒரு மனுஷன் வந்து அதே வார்த்தையைச் சொன்னதும் அவருக்கு எழுந்து கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்ததாம். முகம் அப்படித்தான், அவர் மனைவியே அதைப் பற்றிச் சொல்லுவாளாம். அவர் வீடும் சௌராஸ்தாவுக்குப் பின்னால்தான். ரெண்டு பேரும் ஒரே பைக்கில் போய் வரலாமே என்றுதான் சந்து விசாரித்திருக்கிறார்.

“ஏங்க, நாலு மணிக்குக் குளிச்சது போதும், வெளிய வந்து கையெழுத்துப் போடுங்க” என்றாள் மகேஸ்வரி. ஈரச் சட்டையோடு வந்து போட்டேன். ஒரு இடத்தில் மை கலைந்துவிட்டது, பரவாயில்லை என்றார். திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். அக்ஷராவுக்கு நானே போன் செய்தேன், ‘நிஜமாவா அப்பா?’ என்று மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் ஆமாம் என்றேன்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. குண்டு பாபு கிளம்பும்போது படியில் நின்று குரலைத் தாழ்த்தினார். டான்குனியில் இவர்களுக்கு இன்னொரு கோடவுன் இருக்கிறதாம். அங்கே நிஜமாகவே சரக்கு திருட்டுப் போகிறதாம், மூட்டை மூட்டையாக. அங்கிருப்பவர்களுக்கு என் முகம் தெரியாது. ஆகவே முதல் வாரம் நான் ஆபீசுக்கு வர வேண்டாம், டான்குனி கோடவுனுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து மூன்று நாள் பார்த்தது போலவே பார்த்து எழுத வேண்டும் என்று முதலாளி அம்மாவே சொல்லியனுப்பியிருக்கிறார். பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து நோட்டை மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறேன். மகேஸ்வரியும் கூட வருகிறேன் என்கிறாள். தனியாக விட்டால், யாராவது வந்து என்ன விஷயம் என்று கேட்டதும் நான் நோட்டையே எடுத்து நீட்டிவிடுவேனாம்.