அண்ணன் வரலாற்றில் இரண்டு சிவப்புப் பட்டைகள்

மன்னிப்புக் கேள் என்று என்னிடம் சொல்லாதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. மாமனார் சொன்னார், அவருடைய கட்சிக்காரர்கள் சொன்னார்கள், காய்கறி வண்டிக்காரர்கூடக் கத்தரிக்காயை எடை போட்டுக்கொண்டே சொன்னார். நான் கேட்கவில்லை. கடைசிப் பத்தியிலாவது கேட்டுவிடுவேன் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தவர்கள் இங்கேயே எழுந்து வேறு வேலையைப் பார்க்கலாம்.

எனக்குக் கல்யாணமாகி வந்த புதிது. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் குவாலிட்டிப் பிரிவில் வேலை. செய்யாறுப் பக்கத்துப் பெண்ணான என்னை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊரில் கட்டிக்கொடுத்ததற்கு முக்கியக் காரணம், கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கும் என்பதுதான். (மாப்பிள்ளையும் நல்லவர்தான்.) மாமனார் ஏகாம்பரம் கட்சியில் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அவர் இன்னும் அதே கட்சியில்தான் இருக்கிறார். எம்.எல்.ஏ.வைக் கட்சியில் எல்லோரும் அண்ணன் என்பார்கள். அவரைவிட வயதில் மூத்த என் மாமனாரும் அண்ணன் என்றுதான் சொல்வார்.

அத்தனை வருடம் போஸ்டர் ஒட்டியதற்கு மாமனார் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். வரப்போகிற உள்ளாட்சித் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலர் சீட். "இந்த வாட்டி உனக்குத்தான்யா" என்று அண்ணன் ஒரு கல்யாணத்தில் அவர் தோளில் கைபோட்டுச் சொல்லியிருந்தார். அன்றைக்குப் போட்டிருந்த சட்டையை மாமனார் வெகுநாள் துவைக்கவே விடவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் பொதுவாழ்வுக்கு வெள்ளி விழா வந்தது. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மாமனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னாமா, உங்க கம்பெனில பெரிய ஸ்கிரீன் போட்டு, மைக் புட்சி பேசி பிரைஸ்லாம் வாங்கினியாமே?"

"ஆமா மாமா. க்யூ.சி. சர்க்கிள்னு, தரக் குழுப் போட்டியில."

"அத்த மாதிரி அண்ணனுக்கு ஒண்ணு போட்டுக் குடு. மண்ணூர்க்காரனுங்க டிராமா போடறானுங்க. பென்னலூர்க்காரனுங்க டான்ஸ் வெச்சிக்கீறானுங்க. நம்ம கிளைதான் சும்மா குந்திகினு கீது."

"என்ன போடணும் மாமா?"

"அண்ணனோட அரசியல் வாழ்க்கைமா. எத்தினி எலெக்ஷன் நின்னாரு, இன்னா ஆச்சு, எல்லாம்."

தயவுசெய்து இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். இன்னா ஆச்சு, எல்லாம். கஸ்டமர் வாயாலேயே சொன்னது. நான் கேட்டதைத்தான் கொடுத்தேன்.

எனக்குத் தெரிந்த ஸ்கிரீன் பேச்சு ஒரே வகைதான். கம்பெனியில் ஏதாவது பாகம் கெட்டுப்போய்த் திரும்பி வந்தால், முதலில் ஒரு படம் போடுவோம். நல்லதுக்குப் பச்சைப் பட்டை, கெட்டதுக்குச் சிவப்புப் பட்டை. அப்புறம் ஏன் கெட்டது என்று கேட்போம். வந்த பதிலுக்கு மறுபடி ஏன் என்போம். கேட்டுக்கொண்டே போனால் அடியில் மூல காரணம் வந்து நிற்கும். அதை ரூட் காஸ் என்போம். இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ரூட் காஸ் கட்டத்தில் ஆள் பெயர் எழுதவே கூடாது. ஆள்மேல் தப்பில்லை, வேலை செய்கிற முறையில்தான் தப்பு. இந்த விதிக்காக நான் லைன் சூப்பர்வைசரோடு சண்டையே போட்டிருக்கிறேன்.

அண்ணன் நான்கு முறை நின்றிருந்தார். முதல் முறை தோல்வி, அடுத்தது வெற்றி, மறுபடி தோல்வி, மறுபடி வெற்றி. எண்கள் சுலபமாகக் கிடைத்துவிட்டன. காரணம்தான் தெரியவில்லை. அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த மாமியாரைக் கேட்டேன்.

"அத்தே, மூணாவது வாட்டி ஏன் தோத்தாரு?"

"பொம்பளைங்க ஓட்டுப் போடல, தோத்தாரு."

"ஏன் போடல?"

"வாட்டர் டேங்க்கு கட்டி வுட்டாரு. தண்ணி வுடல. வெறும் டேங்க்கப் பாத்துகினே குடத்த தூக்கிகினு நடந்தா எவ போடுவா?"

"தண்ணி ஏன் வுடல?"

"பைப்பு போட்டானா இல்லியானு வந்து பாத்தாதான தெரியும்."

"ஏன் வந்து பாக்கல?"

மாமியார் மீனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஜெயிச்சிட்டாருல்ல? அப்பால இன்னாத்துக்கு வருவாரு?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. கம்பெனியில் மேனேஜர்களை உட்காரவைத்து நாள் கணக்கில் இழுத்தாலும் இவ்வளவு சுத்தமான ஆய்வு வராது. அப்படியே கேட்டேன், "அப்போ நாலாவது வாட்டி எப்படி ஜெயிச்சாரு?"

"எதுத்தாப்ல நின்னவன் இத்த வுட மோசம்."

எல்லாவற்றையும் ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டேன். முதல் ஸ்லைடில் மட்டும் அண்ணன் கைகூப்பி நிற்கிற படம், பின்னால் உதயசூரிய வெளிச்சம் மாதிரி ஒன்று வந்துவிட, கட்சி பேதம் வரும் என்று அதை அழித்துவிட்டு மல்லிகைப்பூ போட்டேன். மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும்மா. இதுக்கு மேல இன்னா பாக்கணும்?" என்று எழுந்து போய்விட்டார். எங்கள் லைனிலும் இதுதான் வழக்கம். முதல் பீஸைப் பார்த்து ஓகே சொல்லிவிட்டால் மிச்சத்தை ஓட்ட வேண்டியதுதான். எனக்கு ஓகே கிடைத்திருந்தது.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வேன் வைத்துக் கூட்டி வந்த பெண்கள் பின்வரிசை முழுக்க. அதில் என் மாமியாரும் இருந்தார். மேடையில் மூன்றாவது வரிசையில் துவைத்து இஸ்திரி போட்ட அந்தச் சட்டையில் மாமனார். எனக்கு முன்னால் பேசியவர் தொண்டை கிழியக் கத்தினார். "தோல்வி என்றால் என்னவென்றே அறியாத எங்கள் அண்ணன்!" கைதட்டல் ஓய்வதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மல்லிகைப்பூ ஸ்லைடுக்கு விசில் பறந்தது. அடுத்த ஸ்லைடு போட்டேன். சுவர் உயரத் திரையில் இரண்டு பச்சைப் பட்டைகள், இரண்டு சிவப்புப் பட்டைகள். பக்கத்துக் கோவிலில் பக்திப் பாட்டு ஓடுவது மண்டபத்துக்குள் தெளிவாகக் கேட்டது.

"இதில் நம் கவனத்துக்கு உரியது சிவப்பு" என்று ஆரம்பித்தேன்.

ஓரக்கண்ணில் மாமனார் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டுவது தெரிந்தது. எங்கள் கம்பெனியில் மேனேஜர் கை ஆட்டினால் 'அடுத்த ஸ்லைடு' என்று அர்த்தம். போட்டேன். ஏன் தோல்வி? பெண்கள் வாக்கு குறைவு. அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நானும் இன்னும் வேகமாகப் போட்டேன். டேங்கில் தண்ணீர் இல்லை. நேரில் பார்க்கவில்லை. ரூட் காஸ்: 'வெற்றிக்குப் பின் தொகுதிக்கு வருவதற்கு நிலையான நடைமுறை இல்லை.'

ஆள் பெயரே எழுதவில்லை, கவனியுங்கள். எவ்வளவு நாகரிகம்!

அப்போதுதான் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். ஒரே ஒருவர்தான். அப்புறம் பத்து, அப்புறம் பின்வரிசை முழுவதும். யாரோ ஒரு அம்மா, "அந்த டேங்க்க இன்னொரு வாட்டி காட்டும்மா!" என்று கத்தினார். நானும் காட்டினேன். பிறகு வெற்றிக்கான காரணம் என்ற ஸ்லைடில் 'போட்டியாளரின் தரம் குறைவு' என்று வந்தது. கடைசி ஸ்லைடில் தீர்வு. 'மாதம் ஒருமுறை வருகை. பொறுப்பு: அண்ணன். நிலை: நிலுவையில்.' நிலுவைக்கும் சிவப்புதான். அது எங்கள் கம்பெனி வழக்கம், நான் என்ன செய்ய?

அதோடு திரை இருட்டாகிவிட்டது. வயரைப் பிடுங்கியது யார் என்று இன்றுவரை தெரியாது.

அண்ணன் மைக்கை வாங்கிச் சிரித்தார். அனுபவஸ்தர். "விமர்சனத்தை வரவேற்கிறவன் இந்த அண்ணன்" என்றார். முன்வரிசை தட்டியது. பிறகு திரும்பி மாமனாரிடம் மெதுவாக, "மருமவளா? நல்லா படிச்ச பொண்ணுய்யா" என்றார். கை தோள்மேல் விழவில்லை.

வேட்பாளர் பட்டியல் வந்தபோது மாமனார் பெயர் அதில் இல்லை. வேறு ஊர்க்காரர் ஒருவருக்குச் சீட் போயிருந்தது. மாமனார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். டீ வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்பார். எனக்கு வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவர் அந்தச் சட்டையைப் பெட்டிக்குள் மடித்து வைப்பதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் மன்னிப்பு? அந்த ஸ்லைடுகளில் ஒரு எழுத்தாவது பொய்யா, காட்டுங்கள் என்று வீடு அதிரக் கேட்டேன். மாமியார்தான் அந்தச் சண்டையை முடித்துவைத்தார். "நான்தான்யா மொதல்ல கை தட்டினேன். இன்னா இப்போ?"

மாமனார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் சில வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிச்சமான அண்ணன் போஸ்டர் ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாக வரைந்து என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். முதல் கட்டத்தில் 'சீட் கிடைக்கவில்லை.' அதன்கீழ் 'அண்ணனுக்குக் கோபம்.' அதன்கீழ் 'சிவப்புப் பட்டை.' ரூட் காஸ் கட்டத்தில் பெரிய எழுத்தில், 'மருமகள்.'

"தப்பு மாமா" என்றேன். "ஆள் பேர் எழுதக் கூடாது. இது கம்பெனி ரூல்." பேனாவை வாங்கி அடித்துவிட்டு, 'முழு ஸ்லைடையும் பார்க்கும் நடைமுறை இல்லை' என்று எழுதினேன். மாமனார் போஸ்டரைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து டீ கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் பொங்கினாலும், சிலிண்டர் தீர்ந்தாலும், என் கணவர் ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிட்டாலும் ஹாலிலிருந்து "ரூட் காஸு?" என்று ஒரு குரல் வரும். "மருமவ!" என்று வீடே பதில் சொல்லும். பெண் எடுத்த வீட்டில், கொடுத்த வீட்டில் எல்லாம் பரவி, என் சீமந்தத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்வரை இதைச் சொல்லிச் சிரித்தாயிற்று.

அண்ணன் இதுவரை எங்கள் ஊருக்கு வரவில்லை. ஆனால் அடுத்த தேர்தல் நெருங்கியபோது ஆட்கள் வந்து பள்ளம் தோண்டி டேங்குக்குப் பைப் போட்டுவிட்டுப் போனார்கள். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது. முதல் நாள் மாமியார் முதல் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் எதிரில் போய் நின்றார்.

"ஏன்யா, இத்துக்கு யாரு ரூட் காஸு?"

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"ஆள் பேர் சொல்லக் கூடாதுமே. கம்பெனி ரூலு."